பெருந்தேவியின் வேளைகெட்ட சிரிப்பு

செங்கற்பட்டில் கோர்ட்டுக்குப் பின்தெருவில் யார் வீட்டிலாவது துக்கம் என்றால், கோமளம் தன் மகள் பெருந்தேவியை உள்ளே வைத்து வெளிக்கதவைப் பூட்டிவிட்டுத்தான் புறப்படுவாள். இதில் பெருந்தேவிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பூட்டிவிட்டுப் போகச் சொன்னதே அவள்தான்.

காரணம், அடுத்த வீட்டு உப்பிலி மாமா காலமான அன்று நடந்தது. பெருந்தேவிக்கு அப்போது பதினைந்து வயது. மாமாவிடம் அவளுக்கு ரொம்பப் பிரியம். செய்தி வந்ததும் மாட்டுக்கொட்டிலில் உட்கார்ந்து கண் வீங்குகிற மட்டும் அழுதாள். அதை மாடு மட்டும்தான் பார்த்தது. பிறகு முகம் கழுவிக்கொண்டு அம்மாவோடு அந்த வீட்டுக்குப் போய்ப் பெண்கள் நடுவில் நின்றாள். மாமி இவளைப் பார்த்து, "உன்னைத்தான்டி குழந்தே கடைசியா கேட்டார்" என்று கதறினாள். பெருந்தேவி சிரித்துவிட்டாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு பித்தளைக் குடத்தில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சிரிப்பு. கோமளம் தொடையில் கிள்ளினாள். கிள்ளக் கிள்ளக் கூழாங்கற்கள் கூடிக்கொண்டே போயின.

அதற்குப் பிறகு வைத்தியம் தொடங்கியது. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். வீடு முழுக்க இருமியது, சிரிப்பு போகவில்லை. ஓமக் கஷாயம் கொடுத்தார்கள். எந்நேரமும் வாயில் கிராம்பு அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். ராமரைத் தவிர வேறு தெய்வத்தை ஏறெடுத்துப் பார்க்காத கோமளம், யாரோ சொன்னார்கள் என்று திருப்போரூர் முருகனுக்குக்கூட ஒரு வேண்டுதல் செய்துகொண்டாள். அது கணவருக்குத் தெரியாது. முருகனுக்கும் இந்த ஏற்பாடு சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அவரும் ஒன்றும் செய்யவில்லை.

கணவர் சாரங்கபாணி கோர்ட்டில் குமாஸ்தா. பகலெல்லாம் வக்கீல்களுக்கும் ஜட்ஜுக்கும் முன்னால் கைகட்டி நிற்பவர். ஆகவே குறுக்கு விசாரணை செய்கிற ஆசையைச் சாயங்காலம் வீட்டில்தான் தீர்த்துக்கொள்வார். பெருந்தேவி ஆறாவது பாரம் வந்த வருஷம், அதாவது எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் போகிற வருஷம், அந்த ஆசை கட்டுக்கடங்காமல் போயிற்று. அவர் ஆபீஸ் நண்பரின் பிள்ளை தேசிகன் போன வருஷம் தன் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாகத் தேறியிருந்தான். அந்த நண்பரோ, மழை வருமா என்று கேட்டால்கூடத் தேசிகனின் மார்க்கிலிருந்துதான் பதிலை ஆரம்பிப்பார்.

"இன்னிக்கு கணக்கிலே வாத்தியார் என்ன கேட்டார்? நீ என்ன பதில் சொன்னே?" என்று இலையில் சாதம் விழுந்ததும் சாரங்கபாணி கேட்பார்.

பெருந்தேவி வாயை மூடிக்கொள்வாள். தோள்கள் குலுங்கும். பிறகு குடம் உருளும்.

"பாத்தியா கோமளம்? பெத்த அப்பன் கேக்கறேன், இளிக்கறா! எல்லாம் திமிர்." மோர் சாதத்துக்கு நிற்காமல் கை அலம்பப் போய்விடுவார்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை இதைவிட மோசம். பெண்கள் பள்ளிக்கூடம்தான் என்றாலும், கணக்கு சொல்லித்தர ஆசிரியை கிடைக்காமல் தேவசகாயம் என்பவரை வைத்திருந்தார்கள். அவர் ஒரு தேற்றத்தை நிரூபித்தால், ஜங்ஷனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கும் எஞ்ஜின் டிரைவருக்கும் அது புரிந்துவிடும் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட குரல். அந்த வருஷம் அவர் புதிதாகப் பல்செட்டு கட்டியிருந்தார். 'ச' வருகிற இடங்களில் எல்லாம் மெல்லிய விசில் சேர்ந்து வந்தது. கணக்குப் பாடமோ சமபக்கம், சர்வசமம், செங்கோணம் என்று 'ச' இல்லாமல் ஒரு வரி நகராது. பாவம், மனிதர் நொந்துபோயிருந்தார். இந்த நேரத்தில்தான் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே சிரித்தாள்.

உண்மையில் அவருக்குப் பல் இருக்கிறதா இல்லையா என்பதையே பெருந்தேவி கவனித்ததில்லை. அவர் அவள் பக்கம் திரும்பியதும் அவளுக்குக் கண்ணே தெரியாது.

"வெளியே போ!"

வெளியே போய் வராந்தாவில் நிற்பது அவளுக்குப் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பியூன் எல்லப்பன் அவளை எதிர்பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

"வந்துட்டியா பாப்பா? இன்னிக்கி இன்னா, இம்மாஞ் சீக்கிரமா அனுப்பிட்டாரு? இந்தா, இத்தப் புடி. நான் பொய்லை வாங்கினு வந்துர்றேன்" என்று மணி அடிக்கும் சுத்தியலை அவள் கையில் கொடுத்துவிட்டுப் புகையிலை வாங்கப் போவார்.

அப்படி ஒரு நாள் சுத்தியலோடு நிற்கும்போது, கதவு திறந்து இன்னொரு பெண்ணும் வெளியே தள்ளப்பட்டாள். அவள் கன்னியம்மா. செய்யூர்ப் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள் ஊரில் ஆறாவது பாரம் எட்டிய முதல் பெண் அவள்தான் என்று, கிளம்பும்போது மாலை போட்டு, மேளம் அடித்து பஸ் ஏற்றிவிட்டிருந்தார்கள். அந்த மேளச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்று அவள் சொல்லுவாள். அதைச் சந்தோஷமாகச் சொல்லமாட்டாள்.

"உன்னை இன்னாத்துக்கு அனுப்பினாரு?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"சிரிச்சேன். நீ என்ன பண்ணினே?"

"தூங்கிட்டேன்."

"ராத்திரி தூங்கலையா?"

"ராவெல்லாம் கட்டை மாதிரி தூங்கினேன். அவுரு என் பேரைச் சொன்னாரு பாரு, கண்ணு அப்படியே சொக்கிகினு போச்சு. எங்கூர்ல கெணத்தாண்ட நல்ல பாம்பு வந்தப்பவும் இப்படித்தான். எல்லாரும் ஓடினாங்கோ. நான் அங்கியே உக்காந்து தூங்கிட்டேன்."

பெருந்தேவி அவளை வியப்போடு பார்த்தாள். உலகத்தில் தன்னைப்போல இன்னொரு பைத்தியமும் இருக்கிறது என்பது அவளுக்கு மகா ஆறுதலாக இருந்தது. அன்றிலிருந்து வராந்தாவில் இருவரும் சேர்ந்து நின்றார்கள். கன்னியம்மா விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில் கூர்மையாகக் கவனிக்கிறவள். ஒரு நாள் சொன்னாள்:

"நீ சிரிக்கறதுக்கு முன்னாடி உன் தோளு ரெண்டும் காதாண்ட போவுது, தெரியுமா? மூச்சை இழுத்துக்கினு உடறதேயில்ல. அப்புறந்தான் அந்தச் சத்தம் வருது."

"நிஜமாவே வேடிக்கையா ஏதாவது பாத்தா எனக்கு இந்தச் சிரிப்பு வரதில்லைடி. அது வேற சிரிப்பு."

"அப்ப இது இன்னா சிரிப்பு?"

அதற்குள் எல்லப்பன் வந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் விஷயம் முற்றியது. தேவசகாயம் பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, பெருந்தேவியைக் கூப்பிட்டு நிரூபிக்கச் சொன்னார். அவள் சாக்குக்கட்டியை வாங்கினாள், சிரித்தாள். எல்லோரும் இடியை எதிர்பார்த்துக் காதைப் பொத்தினார்கள். அவர் கத்தவில்லை. மெதுவாக, விசிலோடு கேட்டார்:

"என் பல்லைப் பார்த்துத்தானே சிரிக்கிறாய்?"

பெருந்தேவி, இல்லை சார் என்று சொல்ல நினைத்தாள். வந்தது சிரிப்பு, முன்னைவிடப் பலமாக. அவர் அவள் கையிலிருந்த சாக்குக்கட்டியை வாங்கி வைத்துவிட்டுத் தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டார்.

தலைமையாசிரியை மேரி அம்மாள் நியாயமான பெண்மணி. "சாரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. அதோடு முடிந்தது" என்றார். அவ்வளவு எளிய காரியம். பெருந்தேவி கையைக் கூப்பினாள், வாயைத் திறந்தாள். மேரி அம்மாளின் அறையில் அதுவரை யாரும் அப்படிச் சிரித்ததில்லை. சாட்சி சொல்வதற்காகக் கூட வந்திருந்த கன்னியம்மாவோ, வெளி பெஞ்சில் காத்திருக்கும்போதே தூங்கிவிட்டாள்.

"திங்கட்கிழமை உன் அப்பாவை அழைத்துக்கொண்டு வா" என்றார் மேரி அம்மாள். "அவர் வந்து பேசாமல் உன்னைப் பரீட்சைக்கு அனுப்பமாட்டேன். இந்தக் கன்னியம்மாவும் திங்கட்கிழமை விழித்துக்கொண்டு வரட்டும்."

நடுவில் சனிக்கிழமை வந்தது. அன்று ஆறாவது பாரத்துப் பெண்களை மாமல்லபுரம் அழைத்துப்போவதாக முன்பே ஏற்பாடாகியிருந்தது. மேற்பார்வைக்கு வர வேண்டிய ஆசிரியைக்குக் காய்ச்சல். தேவசகாயம்தான் தனியாக வந்தார். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் போகும்போது மற்றப் பெண்கள் பாட்டுப் பாடினார்கள். பெருந்தேவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஒத்திகையிலேயே சிரிப்பு வந்தது.

மலையில் இருக்கும் மண்டபங்களைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக் கோயிலுக்கு நடந்தார்கள். அங்கே பாறையில் அலை மோதித் தெறிப்பதைக் கண்டு பெண்கள் கூச்சல் போட்டார்கள். கட்டுச்சாதம் பிரிக்கும் நேரத்தில் தேவசகாயம் தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. மறுபடி எண்ணினார்.

"கன்னியம்மா எங்கே?"

ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருத்தி, "அலைகிட்ட பாத்தேன் சார்" என்றாள். உண்மையில் அவள் பார்த்தது வேறு யாரையோ.

தேவசகாயத்தின் முகம் வெளுத்தது. உடனே கத்த ஆரம்பித்தார். பெண்களைப் பார்த்துக் கத்தினார். பஸ் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவரைப் பார்த்துக் கத்தினார். கடைசியில், வேறு யாரும் மிச்சமில்லாததால், கடலுக்கு நேரே திரும்பி நின்று, "எங்கே அவள்? எங்கே அவள்?" என்று கத்தினார்.

வலைக்காரர் எழுந்து வந்தார். "இன்னா சார், கடலாண்ட கத்திகினு கீற? அது இன்னா பதில் சொல்லப் போவுது? நாங்கோ காலையிலேர்ந்து இங்கதான் கீறோம். ஒரு பொண்ணும் தண்ணியில எறங்கல. மலைப்பக்கம் போய்ப் பாரு."

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சிரிப்புக் கேட்டது. தேவசகாயம் சீறித் திரும்பினார். பெருந்தேவி ஈர மணலில் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. அவருக்கு வாய்வரை வந்த கத்தல் அங்கேயே நின்றுவிட்டது.

இருவருமாக மலையை நோக்கி ஓடினார்கள். மற்றவர்கள் பின்னால் ஓடிவந்தார்கள். கலங்கரை விளக்குக்குக் கீழே இருக்கிற மகிஷமர்த்தினி மண்டபத்தில் கன்னியம்மா இருந்தாள். அங்கே ஒரு பக்கச் சுவரில் பெருமாள் பாம்பணையில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு எதிரே தரையில், தலைக்குக் கையை வைத்து, அவரைவிட நிம்மதியாக இவள் படுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்ந்த கல்லைக் கண்டதும் திங்கட்கிழமையின் ஞாபகம் வந்ததாம், அவ்வளவுதான் தெரியுமாம்.

தேவசகாயம் மண்டபத்துப் படியில் உட்கார்ந்தார். பெருந்தேவி, பின்னால் வந்த பெண்களிடம் கூஜாவை வாங்கித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். குடிக்கும்போது தம்ளர் அவர் பல்லில் தாளம் போட்டது. அப்போதுதான் அவள் முதல்முறையாக அந்தப் பல்லைக் கவனித்தாள்.

"சார், பயந்துட்டேளா?" என்று கேட்டாள்.

"யார்? நானா?" என்று கத்தினார் அவர்.

"நான் ரொம்பப் பயந்துட்டேன் சார். எனக்குப் பயம் வந்தா இந்தச் சிரிப்பு வரது. உங்க பல்லைப் பாத்து இல்லை சார்." தான் சொன்னதைக் கேட்டுப் பெருந்தேவியே ஆச்சரியப்பட்டாள். அது பயம் என்று அவளுக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது. "கன்னியம்மாவுக்குத் தூக்கம் வரும். அவ சோம்பேறி இல்லை."

தேவசகாயம் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல, "அப்படியானால் எனக்கு என்ன வரும்?" என்றார்.

கேள்வி யாரையும் பார்த்துக் கேட்கப்படவில்லை. ஆனால் கன்னியம்மா அரைத்தூக்கத்தில் இருந்தாள். ஆறாவது பாரத்தில் அவள் பயமில்லாமல் சொன்ன முதல் பதில் அதுதான்.

"கத்துவீங்கோ சார்."

அவர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். திறந்ததும் விஷயம் புரிந்து மூடிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். காலையில் பெருந்தேவி ஈர விறகோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலை வாயில் வைத்திருக்கும்போது, கூடத்தில் அப்பாவின் கனைப்பு கேட்டது. தோள் காதுக்கு ஏறியது, சிரிப்பு கிளம்பியது. ஆனால் வாயில் குழல் இருந்தது. சிரிப்பு வெறும் காற்றாக நீளமாக வெளியே போய், அடுப்பு குப்பென்று பற்றிக்கொண்டது. அவள் குழலை எடுத்துப் பார்த்தாள். வேண்டுமென்றே தோளை இறக்கி, இன்னொரு தடவை மெதுவாக, கடைசி வரைக்கும் ஊதினாள். ஊதிக்கொண்டே சிரிக்க முடியவில்லை. இது எவ்வளவு சாதாரண விஷயம்! கஷாயமும் கிராம்பும் எத்தனை வீண்!

கூடத்துக்குப் போகும்போது குழல் கையில் இல்லை. இருந்தாலும் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டேதான் போனாள்.

"என்னடி இது, பாம்பு மாதிரி?" என்றார் சாரங்கபாணி.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை சிரிப்பு எட்டிப் பார்த்தது, ஊதி அனுப்பிவிட்டாள். கடைசியில், "உங்களைக் கண்டாலும்தான்ப்பா பயம்" என்றாள்.

"என்னைக் கண்டா? ஏன், நான் என்ன புலியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் கொட்டிலில் மாடு எழுந்து நின்றது.

உள்ளேயிருந்து கோமளம், "புலின்னா பரவாயில்லையே. அது மார்க் கேக்காது" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கோர்ட்டில் ஜட்ஜ் கூப்பிட்டால் அவர் செய்கிற வேலை அது. பெருந்தேவி முதல்முறையாக அதை வீட்டில் பார்த்தாள்.

"தினமும் கேக்காதீங்கோப்பா. சனிக்கிழமை மட்டும் கேளுங்கோ. ஒண்ணுவிடாம சொல்றேன்" என்றாள்.

ஒப்புக்கொண்டார். ஆனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. புதன்கிழமையே கேள்வி தொண்டைவரை வந்து நிற்கும்; சாதத்தோடு சேர்த்து விழுங்குவார். சனிக்கிழமையோ, வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிடுவார்.

அந்தத் திங்கட்கிழமை சாரங்கபாணி பள்ளிக்கூடம் போனது வீண் அலைச்சல்தான். தேவசகாயம் முன்பே மேரி அம்மாளிடம் பேசி விஷயத்தை முடித்திருந்தார். இரண்டு ஆண்களும் வராந்தாவில் நின்று, வெயில் அதிகமாக இருப்பதைப்பற்றி வெகுநேரம் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

இதனால் சிரிப்பு ஓடிப்போய்விடவில்லை. வந்துகொண்டுதான் இருந்தது. வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தது, அதுதான் வித்தியாசம். கன்னியம்மாவுக்கு ஊதுவது பலிக்கவில்லை. ஊதினால் இன்னும் சுகமாகத் தூக்கம் வந்தது. அவளுக்கு எழுந்து நிற்க வேண்டும், கால் விரலை மடக்கி மடக்கி நீட்ட வேண்டும், நாக்கில் ஒரு துளி புளி வேண்டும். இருவரும் சாயங்காலங்களில் பாடத்தை நிறுத்திவிட்டுக் கொளவாய் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருவார்கள். நடக்கும்போது பரீட்சையைப்பற்றிப் பேசக் கூடாது என்று ஒப்பந்தம். அதை மீறினவள் எல்லப்பனைப்போல ஒரு தரம் மணி அடித்துக் காட்ட வேண்டும். ஏரிக்கரையில் அந்தச் சத்தம் அடிக்கடி கேட்டது. தேவசகாயம் கத்துவதைக் குறைக்கவில்லை. ஆனால் கத்தி முடித்ததும், மூன்றாவது பெஞ்சை ஒரு தரம் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

மார்ச்சில் பரீட்சை வந்தது. கணக்குத் தாள் கைக்கு வந்ததும் பெருந்தேவி ஊதிய ஊதலில் முன் பெஞ்சுப் பெண்ணின் பின்னல் ஆடியது. அவள் திரும்பிப் பார்த்து முறைத்தாள். கன்னியம்மாவோ தாளை வாங்கும் முன்பே எழுந்து நின்று, கண்காணிக்க வந்த அம்மாளிடம், "எனக்குப் பயத்துல தூக்கம் வரும், டீச்சர். நடுநடுவ நின்னுக்கிறேன், தப்பா நெனச்சிக்காதீங்கோ" என்று சொல்லிவிட்டாள். இந்த மாதிரி விண்ணப்பம் அந்த அம்மாளுக்கு எந்தப் பரீட்சை மண்டபத்திலும் வந்ததில்லை. சரி என்று தலையாட்டிவிட்டார்.

பெருந்தேவி தேறினாள். பள்ளிக்கூடத்தில் முதலாவதாக இல்லை, நடுவில் எங்கேயோ. கணக்கில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கியது, நின்றுகொண்டே பாதி எழுதிய கன்னியம்மா. சாரங்கபாணிக்கு ஒரு வாரம் மனசு சரியில்லை. பிறகு தேசிகனின் அப்பாவிடம் கன்னியம்மாவின் மார்க்கைச் சொல்லி, "என் பொண்ணோட சிநேகிதி" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

கன்னியம்மா நர்ஸ் படிப்புக்குப் போனாள். அடுத்தவர்களின் ஆபத்தில் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை என்று அங்கே கண்டுபிடித்தார்கள். பெருந்தேவி ஆசிரியைப் பயிற்சி முடித்துச் சதுரங்கப்பட்டினத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த வருஷமே இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை அவள் பிள்ளைகளிடம், "இன்னிக்கு எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. உங்களுக்கு?" என்று கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம். கட்டுமரக்காரர் மகன் தனக்கு வயிறு வலிக்கும் என்றான். ஒருத்தி தனக்கு மூத்திரம் வரும் என்றாள். இன்னொருவன் தனக்குப் பயமே வராது என்று சொல்லி, எல்லோராலும் பொய்யன் என்று கூவப்பட்டான். இன்ஸ்பெக்டர் வந்து வாசலில் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

போகும்போது பள்ளியின் பார்வையாளர் புத்தகத்தில் அவர் எழுதியது: "வகுப்பில் இரைச்சல் அதிகம். ஆனால் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். சில சமயம் கேட்காததற்கும்."